பெறாமகளும் அத்தானும் ஒரே காப்புறுதியில்: அமெரிக்க மானியத்தை யார் கணக்கில் எவ்வளவு போடுவது?

கல்லடி கணக்கு டீச்சர் | 7 மார்ச் 2026, காலை

எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில் இருக்கிறேன். உயர்தர வகுப்புக்கு இருபத்திரண்டு வருசமாகக் கணக்கீடு படிப்பிக்கிறேன். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது டெக்சாஸ் கணக்கொன்று என் தலையில் விழுந்திருக்கிறது.

அக்கா குடும்பம் டெக்சாஸில். அத்தான் பெற்றோல் செட்டோடு சேர்ந்த சின்னக் கடையொன்றை நடத்துகிறார். சொந்தத் தொழில் என்றபடியால் காப்புறுதி தர முதலாளி கிடையாது. ஒபாமா கெயார் என்று சொல்வார்களே, அந்த அரசாங்கச் சந்தையில்தான் வருசா வருசம் எடுக்கிறார்கள். 2025 ஆம் வருசத்துக்கான விண்ணப்பத்தை 2024 நவம்பரில் அத்தான்தான் நிரப்பினார். நாலு பேர் குடும்பம் என்று போட்டார்: அவர், அக்கா, மகள், பள்ளிக்கூடம் போகும் மகன். வருமானம் 62,000 டொலர் வரும் என்று எழுதினார். சொன்னபடியே வந்தது, ஒரு சதம் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்கிறார். கடைக்காரரின் கணக்கு, நான் கேள்வி கேட்கவில்லை.

சிக்கல் என் பெறாமகளால். விண்ணப்பம் போட்ட நேரம் அவளுக்கு 23 வயது, பல்கலைக்கழகத்தில் கடைசித் தவணை. அதனால் தகப்பனில் தங்கியிருப்பவள் என்று போட்டுவிட்டார். ஆனால் டிசம்பரில் படிப்பு முடிந்தது, ஜனவரியிலேயே பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வேலை கிடைத்தது. 2025 முழுக்க உழைத்தது 38,000 டொலர். ஜூனில் 24 வயதும் ஆகிவிட்டது. இந்த மாற்றத்தைச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காப்புறுதி அட்டை பையில் கிடந்தது, அவ்வளவுதான்.

இப்போது அத்தான் பெயருக்கு, சந்தைக் காப்புறுதியின் வருசக் கணக்கைக் காட்டும் 1095-ஏ என்ற படிவம் வந்திருக்கிறது. அக்கா வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். மூன்று நிரல், பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை:

ஏ நிரல், காப்புறுதியின் முழுக் கட்டுப்பணம்: மாதம் 1,560
பி நிரல், அந்தப் பகுதியில் கிடைக்கும் இரண்டாவது மலிவான சில்வர் (நடுத்தர வகை) திட்டத்தின் கட்டுப்பணம்: மாதம் 1,600
சி நிரல், அரசாங்கம் முன்கூட்டியே கம்பனிக்குக் கட்டிய மானியம்: மாதம் 1,500

அதாவது அத்தான் கையிலிருந்து போனது மாதம் 60 டொலர்தான். அதைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. அரசாங்க ஊழியருக்கான அக்ரஹாரக் காப்புறுதிக்குச் சம்பளத்தில் வெட்டுகிறார்களே என்று நான் இங்கே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன்.

குடும்பமும் வருமானமும் விண்ணப்பத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், கூட வந்த மானியத்தை வரித் தாக்கலில் திருப்பிக் கட்ட வேண்டுமாம். அதை யார் கட்டுவது என்று வீட்டில் சண்டை. “அவள் உழைக்கிறாள், தன் வரியைத் தானே தாக்கல் செய்கிறாள், அவளின் பங்கு நாலில் ஒன்றை அவள் பார்க்கட்டும்” என்கிறார் அத்தான். “நாலு பேர் என்று நானா எழுதினேன், சின்னம்மா?” என்கிறாள் அவள். இங்கே காலை ஆறு மணி, நான் தேங்காய் துருவிக்கொண்டு நிற்பேன். அங்கே முந்தின நாள் பின்னேரம் ஆறரை. அந்த நேரம் பார்த்து அக்கா எடுப்பார். “என்ட கிளி, நீ படிச்சவள், நீ ஒரு முடிவு சொல்லு.”

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. அவளைத் தங்கியிருப்பவள் என்றே இந்த முறையும் காட்டிவிட்டால் பிரச்சினை தீராதா? தீராது என்றால் இந்த மூன்று நிரலையும் இருவருக்கும் இடையில் எப்படிப் பிரிப்பது? தலைக்கு ஒரு பங்கு என்பது சட்டமா, வழக்கமா?

வாவிக்கரையான் | 7 மார்ச் 2026

டீச்சர், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நாலு பேர், நாலு பங்கு. மகளுக்கு 25 வீதம், தகப்பனுக்கு 75 வீதம். சட்டம் அப்படித்தான். கனடாவில் இருக்கிற என் மச்சானும் அதையே சொன்னான். இல்லாவிட்டால் மகள் பேசாமல் இருக்கட்டும். படிவம் தகப்பன் பெயருக்குத்தானே வந்தது?

அக்கரைப்பற்று படிவக்காரன் | 7 மார்ச் 2026, இரவு

நோன்பு திறந்துவிட்டு எழுதுகிறேன், நீண்டால் மன்னிக்கவும். அமெரிக்கக் கணக்காளர் அலுவலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், இது ஆறாவது வரிக்காலம். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நான் பார்ப்பது இந்தப் படிவங்களைத்தான்.

வாவிக்கரையான் நானா, கனடா மச்சானுக்கு அங்கே இந்த மானியமே கிடையாது. அவரை விடுங்கள்.

டீச்சர், முதல் கேள்விக்குப் பதில், தீராது என்பதுதான். பிள்ளை என்ற வகையில் தங்கியிருப்பவராகக் காட்ட, வருச முடிவில் 19 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முழுநேர மாணவராகவும் 24 வயதுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். அவருக்கு ஜூனில் 24 முடிந்துவிட்டது, மாணவியும் இல்லை. உறவினர் என்ற மற்ற வகையில் காட்டப் போனால், 2025 இல் அவரின் மொத்த வருமானம் 5,200 டொலருக்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும். 38,000 எங்கே, 5,200 எங்கே. பொய்யாகக் காட்டினாலும் இலாபமில்லை. அவர் உழைத்ததும் அத்தானின் வீட்டு வருமானத்தோடு சேர்ந்து கணக்கு 1,00,000 க்குப் போகும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 26 வயது வரை பெற்றோரின் காப்புறுதியில் பிள்ளை இருக்கலாம். அது காப்புறுதிச் சட்டம். யாரின் வரிக் குடும்பத்தில் அந்தப் பிள்ளை என்பது வரிச் சட்டம். இவரைப் போல ஒரே காப்புறுதியில் இருந்துகொண்டு வரிக்கு மட்டும் தனிக் குடும்பமாக இருப்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது கேள்வி. மானியக் கணக்கைப் போட்டு வரித் தாக்கலோடு இணைப்பது படிவம் 8962. அதில் நாலாம் பகுதி இதற்காகவே இருக்கிறது. ஒரு காப்புறுதி இரண்டு வரிக் குடும்பங்களுக்குள் விழுந்தால் பங்கு பிரிக்கும் இடம் அது. வழிகாட்டிக் குறிப்பில் உங்கள் கதை “பங்கீட்டு நிலைமை 4” இன் கீழ் வரும். விதி இதுதான்: இரு தரப்பும் உடன்பட்டால் 0 முதல் 100 வரை எந்த வீதமும் போடலாம். ஆனால் அதே வீதத்தை ஏ, பி, சி மூன்று நிரலுக்கும் போட வேண்டும். கட்டுப்பணத்தில் 10 வீதமும் மானியத்தில் 60 வீதமும் என்று பிடுங்கி எடுக்க முடியாது. இருவரின் வீதமும் சேர்ந்து 100 ஆக வேண்டும். உடன்பாடு இல்லாவிட்டால் மட்டும்தான் தலைக்கணக்கு, உங்கள் விடயத்தில் நாலில் ஒன்று. நானா சொன்ன 25 வீதம் அந்தக் கடைசிப் படி.

எந்த வீதம் நல்லது என்பதை ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்துத்தான் சொல்லலாம். உங்களுக்குத் தேவையான இலக்கங்களைத் தருகிறேன், நீங்களே போடுவீர்கள்.

2025 வரிக்கு 2024 இன் வறுமைக் கோட்டைப் பாவிக்க வேண்டும்: தனி ஆளுக்கு 15,060, மூன்று பேருக்கு 25,820, நாலு பேருக்கு 31,200. வருமானத்தை அதனால் வகுத்து வீதம் எடுங்கள், தசமத்தை வெட்டிவிடுங்கள். அந்த வீதம் 150 வரை என்றால் சொந்தப் பங்கு, அதாவது காப்புறுதிக்குக் குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டியது என்று கருதும் தொகை, பூச்சியம். 200 இல் வருமானத்தின் 2 வீதம், 250 இல் 4, 300 இல் 6, 400 இலும் அதற்கு மேலும் 8.5. இடையில் உள்ளவற்றுக்கு நேர்விகிதமாக ஏறும். பி நிரலிலிருந்து அந்தச் சொந்தப் பங்கைக் கழித்தால் கிடைப்பதுதான் உண்மையில் உரிய மானியம், ஏ நிரலை மிஞ்சாத வரை. முன்கூட்டி வந்தது அதைவிடக் கூட என்றால் மிச்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

திருப்பிக் கட்டுவதற்கு 2025 ஆம் வருசத்து வரி வரைக்கும்தான் உச்சவரம்பு உண்டு. வீதம் 200 க்கும் 300 க்கும் இடையில் என்றால் தனி ஆளுக்கு 975, மற்றவர்களுக்கு 1,950.

அத்தான் நாலு பேருக்கு 62,000 என்று போட்டார், வீதம் 198, அதனால் அவ்வளவு மானியம். இப்போது வரிக்கு அவர்கள் மூன்று பேர். கோடு இறங்கினதால் வீதம் ஏறும்.

கல்லடி கணக்கு டீச்சர் | 8 மார்ச் 2026

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு வகுப்பு ஞாபகம்தான் வந்தது. பங்குடைமைக் கணக்கில் முதல் பாடமே இதுதானே. பங்காளர்களுக்குள் ஒப்பந்தம் இருந்தால் இலாபநட்டப் பகிர்வு விகிதம் அவர்கள் விருப்பம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் உள்ளே வந்து எல்லாருக்கும் சமன் என்று சொல்லும். பிள்ளைகள் பரீட்சையில் ஒப்பந்தத்தை வாசிக்காமலே சமனாகப் பிரித்துவிட்டு வருவார்கள், நானும் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். அத்தான் செய்ய நின்றதும் அதைத்தான்.

ஞாயிறு என்றபடியால் விடைத்தாள் கட்டை ஒதுக்கிவிட்டு சீஆர் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அத்தான் வீடு: 62,000 ஐ 25,820 ஆல் வகுத்தால் 240 வீதம். சொந்தப் பங்கு வருமானத்தில் 3.6 வீதம், வருசத்துக்கு 2,232.
பெறாமகள்: 38,000 ஐ 15,060 ஆல் வகுத்தால் 252 வீதம். சொந்தப் பங்கு 4.08 வீதம், வருசத்துக்கு 1,550.
வருச மொத்தம்: ஏ 18,720, பி 19,200, சி 18,000.

முதலில் தலைக்கணக்கு. பெறாமகளுக்கு 25 வீதம் போட்டால் பி 4,800, முன்கூட்டி வந்த மானியம் 4,500. 4,800 இல் 1,550 போனால் உரியது 3,250. கூட வந்தது 1,250. உச்சவரம்பு இருப்பதால் 975 கட்டினால் போதும். அத்தானுக்கு 75 வீதம்: பி 14,400, வந்தது 13,500, உரியது 12,168. திருப்பிக் கட்ட வேண்டியது 1,332. இரண்டும் சேர்ந்து 2,307 டொலர்.

அடுத்தது, முழுவதையும் அத்தான் எடுத்தால். 19,200 இல் 2,232 போக 16,968. வந்தது 18,000. திருப்பிக் கட்ட 1,032. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது, முழுவதையும் பெறாமகள் எடுத்தால். 19,200 இல் 1,550 போக 17,650. வந்தது 18,000. திருப்பிக் கட்ட 350. அத்தானுக்கு ஒன்றுமில்லை.

2,307, 1,032, 350. ஒரே குடும்பம், ஒரே காப்புறுதி, ஒரே மானியம். நான் மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். முதலில் மூன்றாவதில் ஏதோ பிழைவிட்டேன் என்றுதான் நினைத்தேன், பிறகுதான் காரணம் பிடிபட்டது. பிரித்துப் போட்டால் இரண்டு வீட்டின் சொந்தப் பங்கும் தனித்தனியே கழிபடுகிறது, 2,232 உம் போகிறது 1,550 உம் போகிறது. ஒருவரிடமே முழுவதையும் போட்டால் அவரின் சொந்தப் பங்கு மட்டும்தான் கழிபடும். எவரின் பங்கு சின்னதோ அவரிடம் போடுவது இலாபம். இங்கே சின்னது பிள்ளையினது.

ஆனால் தம்பி, இது உண்மையாகவே கூடுமா? தகப்பன், தாய், தம்பி மூவரின் காப்புறுதி மானியமும் அவளின் வரிப் படிவத்தில் ஏறுவது எனக்கே கொஞ்சம் நெருடலாக இருக்கிறது.

வாவிக்கரையான் | 8 மார்ச் 2026

இது களவு போலத்தான் எனக்கும் தெரிகிறது. நாலு பேர் அனுபவித்ததை ஒருத்தியின் தலையில் எழுதுவதா? அமெரிக்க வரித் திணைக்களத்து ஐஆர்எஸ் காரன் சும்மா விடுவானா?

அக்கரைப்பற்று படிவக்காரன் | 8 மார்ச் 2026, இரவு

கூடும் டீச்சர். “0 முதல் 100 வரை” என்பது நான் கட்டிய வசனமில்லை, வழிகாட்டிக் குறிப்பில் உள்ளது. ஒளித்து வைக்கவும் எதுவுமில்லை: நாலாம் பகுதியில் காப்புறுதி இலக்கம், மற்றவரின் சமூகப் பாதுகாப்பு இலக்கம், எந்த மாதம் தொடக்கம் எந்த மாதம் வரை, வீதம், எல்லாவற்றையும் இருவருமே எழுதிக் கொடுக்கிறார்கள். பெறாமகளின் படிவத்தில் மூன்று நிரலுக்கும் 1.00, அத்தானின் படிவத்தில் மூன்று நிரலுக்கும் 0.00. கணக்கு சரி, மாத மாதமாகப் போட்டால் முழு டொலராக்கும்போது 350 க்குப் பதில் 348 வரும், அது பரவாயில்லை.

நானா, அத்தான் 0 போட்டாலும் 8962 ஐ இணைத்தே ஆக வேண்டும். மகள் பேசாமல் இருக்கட்டும் என்று முதல் நாள் சொன்னீர்களே, அதில்தான் ஆட்கள் மாட்டுவது. மானியம் வந்தது அவர்களின் கணினியில் கிடக்கும். படிவம் இல்லாமல் இலத்திரனியல் முறையில் அனுப்பினால் திருப்பி எறிவார்கள். தாளில் அனுப்பினால் 12சி என்றொரு கடிதம் வரும், மகளின் வரி மீளளிப்பும் அதோடு நின்றுவிடும்.

களுவாஞ்சிகுடி தங்கம் | 9 மார்ச் 2026

நானும் டெக்சாஸ்தான் தங்கச்சி, ஊர் களுவாஞ்சிகுடி. இங்கே மாநில வருமான வரி இல்லை என்பதால் உங்கட அக்காவுக்கு அந்தத் தலையிடி ஒன்று குறைவு.

படிவக்காரத் தம்பி எல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் அவர் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன், ஏனென்றால் போன வருசம் என் மகனின் விடயத்தில் அதிலேதான் விழுந்தோம். பிள்ளை வேலை செய்யும் கிளினிக்கில் காப்புறுதி தர முன்வந்தார்களா? அவள் எடுத்தாளா இல்லையா என்பது பேச்சில்லை. அவர்கள் கொடுக்க முன்வந்து, அவளுக்கு மட்டுமான கட்டுப்பணம் வருமானத்தில் 9.02 வீதத்துக்குள் இருந்திருந்தால், அந்த மாதங்களுக்கு அவளுக்கு மானிய உரிமை இல்லை. என் மகன் “வேண்டாம் அம்மா, உங்களுடையதிலேயே இருக்கிறேன்” என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அந்தத் தாளால் நாங்கள் பட்ட பாடு. அதனால் முதலில் அதை விசாரியுங்கள், வீதம் எல்லாம் பிறகு.

இன்னொன்று, பிள்ளையிடம் கொஞ்சம் சேமிப்பு இருந்தால் ஏப்ரல் 15 க்கு முன்னர் பாரம்பரிய ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கில் 1,000 டொலர் போடலாம், 2025 க்கு என்று குறிப்பிட்டு. 38,000 என்பது 37,000 ஆகும். வீதம் 245 க்கு இறங்கும், சொந்தப் பங்கு 3.8 வீதமாகும், 1,406. மானியக் கணக்கிலேயே நூற்று நாற்பது டொலர் போல மிச்சம், வரியிலும் கொஞ்சம் குறையும், காசும் அவளிடமே இருக்கும். டீச்சர் நீங்கள் கொப்பியில் போட்டுப் பாருங்கள்.

2026 க்கு என்ன விண்ணப்பம் போட்டார்கள் என்றும் கேளுங்கள். 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் 2026 ஆம் வருசத்திலிருந்து திருப்பிக் கட்டும் தொகைக்கு உச்சவரம்பே இல்லை. 975, 1,950 என்ற வேலி எல்லாம் இந்த வருசத்தோடு சரி. அடுத்த முறை கூட வந்தது முழுவதும் திரும்பப் போகும்.

கல்லடி கணக்கு டீச்சர் | 14 மார்ச் 2026

தாமதத்துக்கு மன்னிக்கவும். தவணைப் பரீட்சைத் தாள்கள் ஒரு பக்கம், டெக்சாஸ் ஒரு பக்கம்.

தங்கம் அக்கா, கிளினிக்கில் கேட்டாயிற்று. இரண்டு வைத்தியர், நாலு உதவியாளர், இவள். காப்புறுதி ஒருவருக்கும் இல்லை, 2025 இல் அந்தப் பேச்சே எழவில்லை. அதை எழுத்தில் வாங்கி வைக்கச் சொன்னேன், முகாமையாளர் மின்னஞ்சலில் இரண்டு வரி அனுப்பியிருக்கிறார். நல்ல வேளை நீங்கள் கேட்டீர்கள், எனக்கு அது தோன்றியே இருக்காது.

2026 விண்ணப்பம்? போன நவம்பரில் அத்தான் பழையதை அப்படியே புதுப்பித்திருக்கிறார். நாலு பேர். நான் ஒன்றும் பேசவில்லை, அக்கா பேசினார். அன்று இரவே இருவரும் உட்கார்ந்து பிள்ளையைத் தனி வரிக் குடும்பம் என்று மாற்றி, அவளின் சம்பளத்தையும் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது, அதற்குரியது அடுத்த வருசம் வரும்.

இனி சண்டை தீர்ந்த கதை. மூன்று கணக்கையும் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். 350 என்ற இலக்கத்தைப் பார்த்ததும் அத்தானுக்குப் பெரிய சந்தோசம். “அப்போ அவளே கட்டட்டும், அவளின் படிவத்தில்தானே வருகிறது” என்றார். பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தாள். 2025 பெப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை மாதா மாதம் “இன்சூரன்ஸ் காசு” என்று தகப்பனுக்கு 50 டொலர் கொடுத்து வந்திருக்கிறாள். அக்காவுக்கே தெரியாது.

ஐம்பது! நாலு பேருக்கும் சேர்த்து வீட்டிலிருந்து போனதே மாதம் 60 தான் என்று முதல் நாளே நான் இங்கே எழுதினேன். அத்தான் தெரிந்து வாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். முழுக் கட்டுப்பணம் 1,560 என்ற இலக்கம் அவர் மனதில் இருந்திருக்கும், அதில் 50 என்பது சும்மா ஒரு உதவி என்று நினைத்திருப்பார். ஆனாலும் கணக்கு கணக்குத்தானே.

அதனால் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். வரிக்கு 100, 0 என்று போட்டது அரசாங்கத்துக்கு. வீட்டுக்குள் எப்படி என்பது வேறு பேரேடு. வருசத்துக்கு வீட்டிலிருந்து போனது 720, அதில் அவளின் காற்பங்கு 180. திருப்பிக் கட்டப்போகும் 348 இல் அவளின் காற்பங்கு 87. ஆக அவள் உண்மையில் சுமக்க வேண்டியது 267. அவள் கையிலிருந்து போவதோ பதினொரு மாதத்துக்கு 550, அதோடு அந்த 348, மொத்தம் 898. அத்தான் அவளுக்குக் கொடுக்க வேண்டியது 631 டொலர்.

அந்தப் பக்கத்தையும் அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. இரண்டு நாள் அக்காவும் எடுக்கவில்லை. சரி, சின்னம்மா குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று ஊரில் கதை வரப்போகிறது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

ஐஆர்ஏ விடயம் பிள்ளைக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஆயிரம் டொலர் இல்லை, 600 போடுகிறேன் என்றாள். ஏன் 600 என்று கேட்டேன். அத்தான் அன்று காலை 600 டொலர் அனுப்பியிருக்கிறார். மிச்சம் 31 எங்கே என்று இவள் கேட்க, நாலு வருசம் உன்னைக் கம்பசுக்கு ஏற்றி இறக்கின பெற்றோலுக்கு என்றாராம்.